புது போர்டில் விண்டோஸ் 7: ஒரே டிரைவரை நான்கு இடத்தில் வைக்க வேண்டிய கதை

பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 7 கிளம்புகிறது. நான்கு வண்ணச் சின்னம் வருகிறது, மொழி கேட்கும் திரையும் வருகிறது. அதோடு சரி. மவுஸை அசைத்தால் அம்பு நகராது. கீபோர்டில் நம்லாக் விளக்கு எரியாது. பழைய பிஎஸ்/2 கீபோர்டு ஒன்றைத் தேடிப்பிடித்துச் செருகி என்டர் தட்டினால், சிடி/டிவிடி டிரைவுக்கான டிரைவர் காணோம் என்று ஒரு செய்தி வரும். டிவிடியே இல்லாத கணினியில் டிவிடி டிரைவரைக் கேட்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் பென்டிரைவ் பழுது என்று மூன்று பென்டிரைவ் மாற்றியவர்கள் உண்டு. பென்டிரைவில் ஒரு குறையும் இல்லை, விண்டோஸ் 7-இல் இல்லாத யூஎஸ்பி டிரைவர்தான் குறை.

“இந்தக் காலத்தில் எதற்கு விண்டோஸ் 7?” என்று கேட்பவர்கள் ஒரு நாள் செங்கோட்டைப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் லாரிகளை நிறுக்கும் எடை மேடைகளில், இன்டிகேட்டரிலிருந்து சீரியல் போர்ட் வழியே எடையை வாங்கும் மென்பொருள் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவரை இப்போது தேட முடியாது. அச்சகங்களில் பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கர் 7, தமிழுக்குப் பாமினி எழுத்துரு, மலையாளத்துக்கு ஐஎஸ்எம் மென்பொருளும் எம்எல்-டிடி ரேவதி எழுத்துருவும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர் இது. ஒரே கல்யாணப் பத்திரிகையில் இரண்டு மொழியும் கேட்கும் குடும்பங்கள் இங்கே இன்னும் ஏராளம். நம் ஆவணியும் அங்கத்தைய சிங்ஙமும் ஒரே மாதம் என்பதால் முகூர்த்த வேலை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றாக வந்து குவியும். அந்த நேரத்தில் பழைய போர்டு செத்தால், “அண்ணாச்சி, புது சிஸ்டம் வாங்கிட்டேன், பழைய ஓஎஸ்தான் வேணும்” என்று வருவது வியப்பில்லை. இருபது வருடப் பத்திரிகைக் கோப்புகள் அந்த எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன. அவர்கள் கேட்பது நியாயமான தேவை. பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது.

முதலில் காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். யூஎஸ்பி 3.0 வரையறை அதற்கு ஓராண்டு முன்தான் வெளியானது. ஆகவே அதை இயக்கும் எக்ஸ்எச்சிஐ கன்ட்ரோலருக்கான டிரைவர் விண்டோஸ் 7-க்குள் கிடையாது. விண்டோஸ் 8-இல்தான் உள்ளேயே வந்தது. வெகுநாள் இது உறைக்கவில்லை. போர்டில் எக்ஸ்எச்சிஐயுடன் யூஎஸ்பி 2.0-க்கான பழைய இஎச்சிஐ கன்ட்ரோலரும் இருந்தது, கறுப்பு யூஎஸ்பி துளைகள் அதில் ஓடின. 2015-இல் இன்டெல்லின் 100 வரிசை சிப்செட் வந்தபோது இஎச்சிஐயை எடுத்துவிட்டார்கள். அந்த வரிசையைச் சேர்ந்த எச்110 போர்டில் துளை கறுப்பாக இருந்தாலும் உள்ளே ஓடுவது எக்ஸ்எச்சிஐதான். “கறுப்பு போர்ட்டில் குத்திப் பாருங்கள்” என்ற பழைய யோசனை அங்கே செல்லாது.

அப்படியானால் பென்டிரைவ் பூட் ஆனது எப்படி? அதுவரை படித்துக் கொடுத்தது பயாஸ். பூட்.விம் என்ற கோப்பைப் பயாஸ் உதவியால் முழுதாக ராமுக்குள் ஏற்றிவிட்டு, அதற்குள் இருக்கும் குட்டி விண்டோஸ் தன் சொந்தக் கர்னலோடு எழுந்துகொள்கிறது. அந்த நிமிடம் முதல் பயாஸின் கை விலகிவிட்டது. குட்டி விண்டோஸுக்கு யூஎஸ்பி தெரியாது. தான் வந்த பென்டிரைவே அதன் கண்ணுக்குத் தெரியாது. நிறுவல் கோப்புகளைக் காணாமல்தான் டிவிடி டிரைவர் கேட்கிறது.

இங்கே கையிலெடுக்க வேண்டிய விஷயம் ஒன்றே. நிறுவும் பென்டிரைவில் இருப்பது ஒரு விண்டோஸ் இல்லை, நான்கு. பூட்.விம்முக்குள் இரண்டு பதிப்புகள்: 1-ஆம் எண் வெறும் பிஇ (மேலே சொன்ன குட்டி விண்டோஸ்), 2-ஆம் எண் நிறுவும் திரை. இன்ஸ்டால்.விம்முக்குள் நீங்கள் போடப்போகும் பதிப்பு, அது மூன்று. அதன் வயிற்றுக்குள் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்ற அடுக்கில் வின்ஆர்இ.விம் என்று இன்னொன்று. பழுதுபார்க்கும் திரை அதிலிருந்துதான் வருகிறது. ஒன்றில் சேர்த்த டிரைவர் மற்ற மூன்றுக்கும் பயன்படாது, நான்கிலும் தனித்தனியே சேர்க்க வேண்டும். பெரும்பாலான தோல்விகள் இந்த எண்ணிக்கைத் தவறுதான். பூட்.விம்மில் மட்டும் சேர்த்தால் நிறுவல் அழகாக முடியும், மறுதொடக்கம் ஆகிப் பெயர் கேட்கும் திரையில் மீண்டும் மவுஸ் உறைந்துவிடும். இன்ஸ்டால்.விம்மில் மட்டும் சேர்த்தால் வாசலிலேயே நின்றுவிடும். வின்ஆர்இயை விட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு மின்வெட்டில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் வரும்போது, அந்தத் திரையில் கீபோர்டு இருக்காது.

டிரைவரைத் தொடுவதற்கு முன் 32 பிட்டா 64 பிட்டா என்பதை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லா முடிவும் இதன் பின்னால் வரிசையாக வரும். எடை மேடை மென்பொருள் டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியதாக இருந்தாலோ, டாங்கிளுக்கு (மென்பொருளின் உரிமத்துக்காகச் செருகும் சிறு சாதனம்) 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தாலோ 32 பிட்தான். 16 பிட் நிரல் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. 32 பிட் விண்டோஸ் 7 இந்த போர்டுகளில் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் கிளம்பாது, லெகசி என்ற பழைய பயாஸ் முறைதான் வேண்டும். அதற்குப் பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறைக்கு இடம் தரும் அமைப்பு) இயக்கத்தில் இருக்க வேண்டும். லெகசி முறையில் என்விஎம்இ என்ற புதுவகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆவது பெரும்பாலும் நடக்காது, அந்த எஸ்எஸ்டிகளில் லெகசிக்கான ஆப்ஷன் ரோம் (கிளம்பும்போது பயாஸ் இயக்கும் சிறு நிரல்) இருப்பதில்லை. ஆக 32 பிட் என்றால் வட்டில் எம்பிஆர் என்ற பழைய முறைப் பிரிப்பு, சாட்டா எஸ்எஸ்டி, ராம் 4 ஜிபிக்கு மேல் போட்டாலும் பயனில்லை. கடைக்காரர் மலிவு என்று எம்.2 என்விஎம்இ கட்டிக்கொடுத்துவிட்டால், முதலில் அதை மாற்றி வாங்கிவிடுங்கள். ஒரு நாள் மல்லுக்கட்டைவிட அது லாபம்.

64 பிட் என்றால் யூஇஎஃப்ஐ முடியும், ஆனால் விண்டோஸ் 7 திரைக்கு இன்னும் பழைய விஜிஏ பயாஸ் அழைப்பைத் தேடுகிறது. சிஎஸ்எம்மை முழுதாக அணைத்தால் தொடக்கச் சின்னத்திலேயே உறையும். செக்யூர் பூட் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். 2020-க்குள் பழைய பயாஸ் ஆதரவை நிறுத்தப்போவதாக இன்டெல் 2017-இலேயே சொல்லிவிட்டது. எனவே போர்டு வாங்குவதற்கு முன் பயாஸ் பட்டியலில் சிஎஸ்எம் என்ற வரி இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட வேண்டும்.

வாங்கும் இடத்தில் யோசனை கேட்பவர்களுக்கு எங்கள் பதில் நேரானது: எச்61, எச்81 என்ற பழைய இன்டெல் சிப்செட் போர்டு நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே போதும். எச்61 சிப்செட்டில் எக்ஸ்எச்சிஐயே கிடையாது, எச்81-இல் பயாஸில் எக்ஸ்எச்சிஐயை அணைத்துவிடலாம். டிரைவர் சேர்க்கும் வேலையே இல்லை. அதற்கு மேல் போனால் எச்110-உம் ஆறாம் தலைமுறை பிராசஸரும். உள் கிராபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 7 டிரைவர் கொடுத்தது அந்தத் தலைமுறை வரைதான். ஏழாம் தலைமுறையில் யூஎஸ்பியைச் சரிசெய்துவிடலாம், ஆனால் திரை சாதாரண விஜிஏ தரத்திலேயே நிற்கும், தனி கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். பேஜ்மேக்கரில் எழுத்து ஓரம் பார்த்து வேலை செய்பவருக்கு அந்தத் திரை சித்திரவதை. பின்பக்கம் பிஎஸ்/2 துளை இருக்கிறதா, போர்டில் காம் (சீரியல்) போர்ட்டுக்கான பின் வரிசை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எடை மேடைக்கு அந்தப் பின்னில் சொருகும் சிறு பிராக்கெட் போதும். போலி யூஎஸ்பி-சீரியல் ஒயரில் “கோட் 10” என்று வரும் தலைவலி மிச்சம்.

டிரைவரைத் தேர்ந்தெடுப்பதில் ஊகம் வேண்டாம். அதே போர்டில் விண்டோஸ் 10 அல்லது லினக்ஸ் லைவ் பென்டிரைவ் போட்டு யூஎஸ்பி கன்ட்ரோலரின் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். இன்டெல்லுக்கு வெண்டார் எண் 8086. டிவைஸ் எண் 100 வரிசையில் ஏ12எஃப், 200 வரிசையில் ஏ2ஏஎஃப், 300 வரிசையில் ஏ36டி. இறக்கிய டிரைவரை செவன்-ஜிப்பால் பிரித்து, ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த எண்ணைத் தேடுங்கள். எண் இல்லையென்றால் அந்த டிரைவர் எத்தனை முறை சேர்த்தாலும் வேலை செய்யாது. எக்ஸ்இ கோப்பை அப்படியே சேர்க்க முடியாது. ஐஎன்எஃப், சிஸ், கேட் மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், 32-உம் 64-உம் தனித்தனி ஃபோல்டரில். இன்டெல்லில் ஐயுஎஸ்பி3எக்ஸ்எச்சி, ஐயுஎஸ்பி3ஹப், ஐயுஎஸ்பி3எச்சிஎஸ் என்று ஒரு குடும்பமாக வரும். கன்ட்ரோலரை மட்டும் சேர்த்து ஹப்பை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கன்ட்ரோலர் எழுந்துகொள்ளும், அதன் கீழே தொங்கும் மவுஸ் வராது. ஏஎம்டி ரைசன் போர்டில் பிராசஸருக்குள் ஒரு கன்ட்ரோலர், சிப்செட்டில் இன்னொன்று. இரண்டு ஐடியையும் பார்க்க வேண்டும். ஒன்று விடுபட்டால் சில துளைகள் மட்டும் உயிரோடிருக்கும்.

64 பிட்டில் இன்னொரு பூட்டு உண்டு. பின்னாளில் வந்த டிரைவர்களின் கையொப்பம் எஸ்எச்ஏ-2 வகை. சர்வீஸ் பேக் 1 வட்டில் இருக்கும் விண்டோஸ் 7-க்கு அது புரியாது, “கோட் 52” என்று ஒதுக்கிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் திருத்தத் தொகுப்பு கேபி 4490628 முதலில், அதன்மேல் கேபி 4474419, இந்த வரிசையில் சேர்த்தால் திறக்கும். கேஎம்டிஎஃப் 1.11 (டிரைவர்கள் நம்பியிருக்கும் விண்டோஸ் பகுதி) கேட்கும் டிரைவருக்கு கேபி 2685811 வேண்டும். விம் கோப்பை விரித்துத் திருத்தும் டிஸ்ம் கட்டளையில் ஃபோர்ஸ்-அன்சைன்டு என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அது டிரைவரை உள்ளே வைக்க மட்டும் அனுமதிக்கும், ஓடும் நேரத்தில் 64 பிட் கர்னல் அதே மறுப்பைத்தான் சொல்லும்.

என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் மைக்ரோசாஃப்ட்டின் கேபி 2990941. இதைத் தனியாக விடக்கூடாது, கேபி 3087873 கூடவே வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் 7இ என்ற நீலத்திரைக்கு வழி இருக்கிறது, அதைத் தீர்க்கத்தான் இரண்டாவது வந்தது. எஸ்எஸ்டி நிறுவனத்தின் தனி டிரைவரையும் இதோடு கலக்காதீர்கள், ஏதாவது ஒரு வழி. சாட்டா எஸ்எஸ்டிக்கு எதுவும் சேர்க்க வேண்டாம், பயாஸில் ஏஎச்சிஐ என்று இருந்தால் போதும். ரெய்டு என்று இருந்தால்தான் வட்டு தெரியாது.

இனி சேர்க்கும் வேலை. விண்டோஸ் 10 உள்ள நல்ல கணினி, என்டிஎஃப்எஸ் வட்டில் 20 ஜிபி காலியிடம், அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் திரை. ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு விண்டோஸ் 7 ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதிவிடுங்கள். லெகசிக்கு எம்பிஆர், யூஇஎஃப்ஐக்கு ஜிபிடி. பிறகு அதன் சோர்சஸ் ஃபோல்டரிலிருந்து பூட்.விம்மையும் இன்ஸ்டால்.விம்மையும் கணினிக்கு நகலெடுத்து அங்கே வேலை செய்து, முடிந்ததும் திரும்ப அதே இடத்தில் போட்டால் போதும். ஐஎஸ்ஓவைப் புதிதாகக் கட்டும் தொல்லையே வேண்டாம். மூலக்கோப்பு இரண்டையும் தனியே பத்திரப்படுத்துங்கள். டிவிடியிலிருந்து நகலெடுத்த கோப்பில் ரீட்-ஒன்லி குறி ஒட்டியிருக்கும், அதை எடுக்காவிட்டால் சி1510111 என்ற பிழையோடு டிஸ்ம் கதவைச் சாத்திவிடும்.

டிஸ்மிடம் பேச நான்கு சொல் தெரிந்தால் போதும். மவுண்ட்-விம் என்று கோப்பின் பெயர், இன்டெக்ஸ் எண், காலி ஃபோல்டர் மூன்றையும் கொடுத்தால் அந்த விண்டோஸ் விரிந்து நிற்கும். ஆட்-டிரைவர் என்று டிரைவர் ஃபோல்டரைக் காட்டி ரிகர்ஸ் சேர்த்தால் உள்ளடுக்குகளையும் தேடி எடுத்துக்கொள்ளும். கெட்-டிரைவர்ஸ் கேட்டால் ஓஇஎம்0, ஓஇஎம்1 என்று நீங்கள் சேர்த்தவை வரிசையாக வரும். இதைப் பார்க்காமல் மூடாதீர்கள். அன்மவுண்ட்-விம் என்பதோடு கமிட் என்று எழுதினால் சேமிக்கும், டிஸ்கார்டு என்றால் செய்ததெல்லாம் போய்விடும். கேபி தொகுப்புகளுக்கு ஆட்-பேக்கேஜ். அவற்றை டிரைவருக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.

வரிசை இது. பூட்.விம் 2-ஆம் எண்ணை விரித்து யூஎஸ்பியையும், தேவையானால் என்விஎம்இயையும் சேர்த்து கமிட். அடுத்து அதே கோப்பின் 1-ஆம் எண். இந்த இரண்டிலும் வேறெதையும் திணிக்காதீர்கள். இது ராமில் ஏறும் கோப்பு, கிராபிக்ஸுக்கும் சவுண்டுக்கும் அங்கே வேலை இல்லை. பிறகு இன்ஸ்டால்.விம்முக்குள் என்னென்ன பதிப்பு என்று கெட்-விம்இன்ஃபோ கேட்டு, புரொஃபஷனல் எந்த எண்ணில் இருக்கிறதோ அதை மட்டும் விரியுங்கள். எல்லாப் பதிப்பிலும் சேர்ப்பது வீண் உழைப்பு. விரித்த நிலையிலேயே உள்ளே இருக்கும் வின்ஆர்இ.விம்மை வேறொரு ஃபோல்டரில் விரித்துச் சேர்த்து, அதை முதலில் கமிட் செய்துவிட்டுத்தான் வெளியே உள்ளதை மூட வேண்டும். கோப்பு கண்ணில் படாவிட்டால் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். நெட்வொர்க் டிரைவரையும் இன்ஸ்டால்.விம்மில் சேர்த்துவிடுங்கள். நிறுவிய பிறகு லேன் இல்லை, லேன் இல்லாமல் லேன் டிரைவரை இறக்க வழியில்லை என்ற முட்டுச்சந்து வராது. கிராபிக்ஸை மட்டும் பின்னால் அதன் நிறுவி கொண்டு போடுவதே நல்லது.

மூடும்போது சி1420117 என்று வந்தால், அந்த ஃபோல்டர் ஏதோ ஓர் எக்ஸ்ப்ளோரர் சன்னலில் திறந்திருக்கிறது, அல்லது ஆன்டிவைரஸ் உள்ளே துழாவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி அன்மவுண்ட் கொடுங்கள். அரைகுறையாக நின்றுவிட்டதைத் துடைக்க கிளீனப்-விம் உண்டு. இன்ஸ்டால்.விம்மைக் கமிட் செய்ய, சுழலும் வட்டில் கால் மணி நேரம் ஆகலாம். இந்தப் பக்கம் சாரல் மாதங்களில் கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாத கணினியில் அந்தக் கமிட்டைத் தொடங்காதீர்கள். நடுவில் நின்றுபோன விம் கோப்பை மீட்க முயல்வதைவிட மூலக்கோப்பிலிருந்து மறுபடி தொடங்குவதுதான் விரைவு.

யூஇஎஃப்ஐக்குப் பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருக்க வேண்டும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது. சேர்த்த பிறகு இன்ஸ்டால்.விம் அதைத் தாண்டினால் டிஸ்மின் ஸ்பிளிட்-இமேஜ் கொண்டு 3800 எம்பி துண்டுகளாக, எஸ்டபிள்யூஎம் கோப்புகளாக வெட்டுங்கள். பென்டிரைவில் இஎஃப்ஐ, பூட் என்ற ஃபோல்டருக்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ இருக்கிறதா என்றும் பாருங்கள். மூல விண்டோஸ் 7 வட்டில் அது கிடையாது. விரித்த இன்ஸ்டால்.விம்மில் விண்டோஸ், பூட், இஎஃப்ஐ அடுக்கில் இருக்கும் பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ.இஎஃப்ஐயை எடுத்து அந்தப் பெயரில் வைத்தால் சரி.

இவ்வளவுக்குப் பிறகும் நிறுவும் திரை மறுத்தால் குருட்டுத்தனமாக மறுபடி கட்ட வேண்டாம். பிஎஸ்/2 கீபோர்டில் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினால் கமாண்ட் திரை வரும். டிஸ்க்பார்ட் திறந்து லிஸ்ட் டிஸ்க் கேளுங்கள். எஸ்எஸ்டி மட்டும் தெரிந்தால் யூஎஸ்பி டிரைவர் ஏறவில்லை. பென்டிரைவ் மட்டும் தெரிந்தால் வட்டு டிரைவர்தான் குறை. இரண்டும் தெரிந்தால் டிரைவர் சரி, பென்டிரைவில் கோப்புதான் சேதம். டிரைவரை சாட்டா வட்டு ஒன்றில் போட்டு டிஆர்வி-லோடு கொண்டு ஐஎன்எஃப்பை அங்கேயே ஏற்றிப் பார்க்கலாம். அங்கே வேலை செய்தால் டிரைவர் சரியானதுதான், சேர்த்த இடம்தான் தவறு. நிறுவி முடிந்து முதல் மறுதொடக்கத்தில் 7பி நீலத்திரை வந்தால், இன்ஸ்டால்.விம்மில் வட்டு டிரைவர் இல்லை, அல்லது இடையில் யாரோ பயாஸில் ஏஎச்சிஐயை மாற்றியிருக்கிறார்கள்.

அவசர வேலைக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. விண்டோஸ் 10 நிறுவும் பென்டிரைவை எடுத்து, அதன் சோர்சஸிலிருந்து இன்ஸ்டால் கோப்பை நீக்கிவிட்டு விண்டோஸ் 7-இன் இன்ஸ்டால்.விம்மை வைப்பது. விண்டோஸ் 10-இன் பூட்.விம்முக்கு எக்ஸ்எச்சிஐயும் என்விஎம்இயும் முன்பே தெரியும், ஆகவே முதல் இரண்டு இடத்தின் வேலை மிச்சம். இன்ஸ்டால்.விம்மிலும் வின்ஆர்இயிலும் சேர்ப்பது மட்டும் அப்போதும் விடாது.

ஓஎஸ் ஏறிய பிறகு அந்தக் கணினியை இணையத்தில் விடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. இ-வே பில் போடுவதும் வங்கி வேலையும் பக்கத்தில் இன்னொரு புதுக் கணினியில் நடக்கட்டும். எடை மேடைக் கணினிக்குத் தேவை ஒரு சீரியல் ஒயரும் ஒரு பிரின்டரும்தான். டாங்கிள் இல்லாத அச்சக வேலையாக இருந்தால், புது ஓஎஸ்ஸுக்குள் விர்ச்சுவல் பாக்ஸில் விண்டோஸ் 7 போடுவது இதைவிட எளிது என்பதையும் உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு யூஎஸ்பி துளையிலும் மவுஸைச் செருகிப் பாருங்கள். எஃப்8 அழுத்தி ரிப்பேர் திரைக்குள் போய் அங்கே கீபோர்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். டாங்கிள், எழுத்துரு, சீரியல் போர்ட் எண் எல்லாம் சரியான பிறகு முழு வட்டையும் இமேஜ் எடுத்து ஒரு வெளி வட்டில் வையுங்கள். சிப்செட், சேர்த்த கேபி எண்கள், பயாஸில் மாற்றிய வரிகள், பதிப்பின் இன்டெக்ஸ் எண் இவற்றை ஒரு தாளில் எழுதி, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சீமாஸ் பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்பு அழியும் நாளில் திறப்பவர் வேறு ஒருவராக இருப்பார்.